கேட்குமா என்று கேட்டீர்களா?

பால் வெள்ளை, ரோஜா மூக்கு, பொன்னிறக் கண். ராஜபாளையம் நாய் வாங்கப் போகிறவர்கள் கேட்பதும், கேட்க மறப்பதும்.

தீபாவளிக்கு முந்தின ராத்திரி. தெருமுனையில் பத்தாயிரம் வாலா ஓடிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு டாபர்மேன் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டதாம். தெருநாய்கள் நாலும் பொழுது சாய்வதற்கு முன்பே எங்கோ மறைந்துவிட்டன. எங்கள் வீட்டு வராந்தாவில் மட்டும் மூன்று மாதக் குட்டி வெள்ளையன் நாலு காலையும் நீட்டிப்போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான்.

“ராஜபாளையம்னா சும்மாவா? தைரியத்தப் பாரு” என்றார் மாமா. எல்லோரும் சிரித்தோம். நான் கொஞ்சம் பெருமையாகவே சிரித்தேன்.

மறுநாள் காலையில் மனைவியின் கை தவறி குக்கர் மூடி சமையற்கட்டுத் தரையில் விழுந்தது. பக்கத்து வீட்டுக் குழந்தை அலறி எழுந்தது. மூடி விழுந்த இடத்திலிருந்து மூன்றடி தள்ளி, முதுகைக் காட்டிப் படுத்திருந்த வெள்ளையனின் காது மடல்கூட ஆடவில்லை. என் மகள்தான் முதலில் சொன்னாள்: “அப்பா, இவனுக்குக் காது கேக்கலப்பா.” கால்நடை மருத்துவர் பத்து நிமிஷத்தில் அதையே உறுதி செய்தார். இரண்டு காதும் கேட்காது, பிறவிக் கோளாறு.

ராஜபாளையமும் சிவகாசியும் ஒரே விருதுநகர் மாவட்டம். பட்டாசு மாவட்டத்தில் பிறந்த நாய்க்குப் பட்டாசுச் சத்தம் இல்லை.

குட்டி வாங்கப் போன அன்று நான் கேட்காத கேள்வி இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். தகப்பன் எவ்வளவு உயரம், தாய்க்கு இது எத்தனையாவது ஈத்து, குடற்புழு மருந்து கொடுத்தாயிற்றா, ஊசி போட்டாயிற்றா என்று எல்லாம் கேட்டேன். மூக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “வளர வளரக் கறுப்புப் புள்ளி விழுந்துராதே அண்ணாச்சி?” என்றுகூடக் கேட்டேன். விழாது என்று அவர் உறுதி சொன்னார். அவர் சொன்னபடி இன்றுவரை ஒரு புள்ளி விழவில்லை. அந்தக் கேள்வி எவ்வளவு முட்டாள்தனமானது என்பது பிறகுதான் புரிந்தது. அதைச் சொல்வதற்கு முன், நாட்டு நாய் தேடி வருகிறவர்கள் முதலில் எங்கே வழி தவறுகிறார்கள் என்று பார்த்துவிடலாம்.

பெயர்களும் ஊர்களும்

“ஒரு நாட்டு நாய் வேணும்” என்று சொன்னால் தென் மாவட்டத்தில் உங்கள் முன் நாலு பெயர்கள் வந்து விழும்: ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை. நாலையும் ஒன்றாக நினைத்துக் கிளம்புகிறவர்கள்தான் அதிகம். விளம்பரங்களில் ‘ஒரிஜினல் ராஜபாளையம் கன்னி’ என்றே போடுகிறார்கள். ‘ஒரிஜினல் மல்கோவா பங்கனப்பள்ளி’ என்பது போன்ற சங்கதி இது.

சிப்பிப்பாறை கரிசல் காட்டு நாய். முயலைத் துரத்த உருவானது என்பது உடம்பைப் பார்த்தாலே தெரியும். ஒட்டிய வயிறு, வில்லாக வளைந்த முதுகு, நீண்ட ஒடுங்கிய முகம், நூல் பிடித்த மாதிரிக் கால். கண்ணால் பார்த்து ஓட்டத்தால் பிடிக்கும் வகை. புதிதாகப் பார்க்கிறவர் சாப்பாடு போடாமல் வளர்க்கிறார்கள் என்று நினைப்பார். ஓட்ட நாயின் உடம்புவாகே அப்படி.

கன்னியும் ஏறக்குறைய அதே அச்சுதான். கறுப்பு உடம்பு, கன்னத்திலும் மாரிலும் காலிலும் செம்மஞ்சள். மகளுக்குக் கல்யாணச் சீராக நாயைக் கொடுத்தனுப்பிய வழக்கத்தால் கன்னி என்ற பெயர் வந்ததாகச் சொல்வார்கள். இரண்டும் ஒரே இனம், நிறம்தான் வேறு என்று ஒரு கட்சியும், இல்லவே இல்லை என்று மறு கட்சியும் டீக்கடைக்கு டீக்கடை உண்டு. அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை.

கோம்பை தேனி மாவட்டத்து ஊர். அந்த நாய் கொஞ்சம் கட்டுமஸ்தானது, செவலை நிறம், முகத்தில் கரி பூசிய மாதிரிக் கறுப்பு. காவலுக்குப் பெயர் போனது.

ராஜபாளையம் இவற்றில் பெரிய உருவம். கடுவன் இரண்டே கால் அடியிலிருந்து இரண்டரை அடி வரை உயரும். எலும்பு கனம், நெஞ்சு ஆழம், மடிந்து தொங்கும் காது, கழுத்தில் கொஞ்சம் தொய்ந்த தோல், லேசாகச் சுருண்ட வால். காட்டுப்பன்றி வேட்டைக்கு வைத்திருந்த நாய் இது. பாளையக்காரர் காலத்திலிருந்து தொடர்ந்து வருவதாக ஊர்ப்பேச்சு. தெலுங்கு நாட்டிலிருந்து வந்து மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் குடியேறிய ராஜுக்கள் வளர்த்துக் காப்பாற்றிய இனம். இன்று வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. முயலையும் பன்றியையும் நாயை விட்டு வேட்டையாடுவது குற்றம். ஆகவே நாலு நாய்களுமே முன்னோர் தொழிலை இழந்தவைதான். மிஞ்சியது காவலும் அழகும்.

கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வள நிறுவனம் ஆடு, மாடு, கோழி இனங்களைப் போல நாய்களையும் பதிவேட்டில் ஏற்றத் தொடங்கியபோது இடம்பிடித்த முதல் மூன்று இனங்கள் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கர்நாடகத்தின் முதோல். கன்னிக்கும் கோம்பைக்கும் அந்த முதல் வரிசையில் இடம் இல்லை. ஊரில் அவற்றின் மதிப்பு அதனால் குறைந்துவிடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

2005 ஜனவரியில் அஞ்சல்துறை நாலு இந்திய நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. இமாலய மேய்ப்பு நாய், ராம்பூர், முதோல் ஆகியவற்றோடு நம்மூர் ராஜபாளையமும் அதில் இருந்தது. அப்போது பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. செல்போன் விளம்பரம் ஒன்றில் ஒரு சிறுவன் பின்னாலேயே ஓடிவந்த பக் நாய்க்குத்தான் அந்தக் காலத்தில் மவுசு. மூச்சுவிடவே திணறும் அந்த நாயைச் சென்னை வெயிலில் வளர்க்கக் கடன் வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

2016-ல் முதோல் நாய்களை ராணுவம் மீரட்டுக்குக் கொண்டுபோய்ப் பயிற்சி கொடுத்தது செய்தியானது. எழுத்தாளர் தியடோர் பாஸ்கரன் இந்திய நாய்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய புத்தகம் 2017-ல் வந்தது. படிக்கிறவர்கள் வட்டத்தில் நாட்டு நாய்க்கு ஒரு மரியாதை வரத் தொடங்கியது. பிறகு 2020 ஆகஸ்ட் 30, ஞாயிற்றுக்கிழமை, மனதின் குரல் வானொலி உரையில் பிரதமர் இந்திய இன நாய்களை வளர்க்கும்படி சொன்னார். அவர் வாசித்த பெயர்களில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை நாலும் இருந்தன.

ஊரடங்குக் காலம், எல்லோரும் வீட்டில். கேட்க வேண்டுமா? அதுவரை நாட்டு நாயைத் திரும்பிப் பார்க்காத வீடுகளிலிருந்தெல்லாம் போன் வரத் தொடங்கியது. நானும் அந்த அலையில் போனவன்தான்.

நாய் ஈத்து நெல் சாகுபடி மாதிரி, அவசரப்படுத்த முடியாது. சினைக்காலம் அறுபத்து மூன்று நாள். நல்ல பெட்டை வருஷத்துக்கு ஓர் ஈத்துக்கு மேல் ஈனக் கூடாது. கேட்கிறவர்கள் பல மடங்கு கூடினால் எங்கிருந்து குட்டி வரும்? ஒன்று, ஓய்வில்லாமல் ஈனவைக்க வேண்டும். அல்லது இருக்கிற நாலைந்து நாய்களையே அண்ணன் தங்கை என்று பார்க்காமல் சேர்க்க வேண்டும். அல்லது பெரிய சீமை நாயோடு கலந்து, ‘என்ன உயரம் பாருங்க’ என்று காட்ட வேண்டும். பொறுப்பாக வளர்க்கிற பழைய குடும்பங்கள் இந்த மூன்றையும் சொல்லிப் புலம்புகின்றன.

வெள்ளையின் விலை

ராஜபாளையத்துக்கும் வெள்ளைக்கும் ஏதோ பொருத்தம். ஊரில் பருத்தி ஆலைகள். பக்கத்துச் சத்திரப்பட்டியில் தறி தறியாக பேண்டேஜ் துணி. நாயும் அதே நிறம்.

பழைய காலத்தில் இந்த இனத்தில் கறுப்பும் பழுப்பும் மறையும் பிறந்ததுண்டு. ஆனால் வீட்டுக்காரர் விரும்பியது பால் வெள்ளையை. நிறத்தோடு விழுந்த குட்டிகளைக் கண் திறக்கும் முன்பே கழித்துவிடுவது வழக்கமாக இருந்தது. ‘கழித்துவிடுவது’ என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. தலைமுறை தலைமுறையாக இப்படி வடிகட்டி வந்ததில் இனம் வெளுத்தது. அதோடு செவிட்டுக் குட்டியும் வரத் தொடங்கியது.

நிறத்துக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்? நானும் முதலில் நம்பவில்லை.

கரு வளரும்போது, நிறம் தயாரிக்கிற செல்கள் முதுகெலும்புப் பக்கத்திலிருந்து கிளம்பி உடம்பு முழுக்கப் பரவுகின்றன. சில இனங்களில் இந்தப் பயணம் பாதியிலேயே நின்றுவிடும். அவை போய்ச் சேராத இடமெல்லாம் வெள்ளை. முடி மட்டுமா? அங்கே தோலும் ரோஜா நிறம்தான். இதே செல்கள் போய்ச் சேர வேண்டிய இன்னோர் இடம் உள்காது. நத்தைக்கூடு போலச் சுருண்ட அந்த அறைக்குள் ரத்த நாளங்கள் நிறைந்த ஒரு படலம் உண்டு. நிறச் செல் இல்லாவிட்டால் அந்தப் படலம் சுருங்கிப்போகும். ஒலியை நரம்புக்குக் கடத்தும் மெல்லிய செல்கள் பிழைப்பில்லாமல் செத்துவிடும். இது குட்டி பிறந்து மூன்று நாலு வாரத்துக்குள் நடந்து முடிந்துவிடுகிறது. செத்த செல் திரும்ப முளைக்காது. மருந்தும் கிடையாது.

நாய்க்குட்டிக்குக் காதுத் துளை திறக்கவே இரண்டு வாரம் ஆகும். ஆக, வெள்ளையன் தன் தாயின் சத்தத்தை ஒரு வாரம் போலக் கேட்டிருக்கலாம்.

எல்லா வெள்ளை நாயும் செவிடு என்று யாரும் பயப்பட வேண்டாம். நம் தெருக்களில் பொமரேனியன் என்று அழைக்கிற அந்தச் சின்ன ஸ்பிட்ஸ் நாய் பஞ்சு வெள்ளை. ஆனால் கேட் தாழ்ப்பாள் அசைந்தால்கூடத் தெருவையே எழுப்பும். அதன் மூக்கைப் பாருங்கள், மை வைத்த மாதிரிக் கறுப்பு. உதடும் கறுப்பு. அதன் உடம்பில் நிறச் செல்கள் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்துவிட்டன. முடியில் மட்டும்தான் நிறம் ஏறவில்லை.

ராஜபாளையத்தின் மூக்கு ரோஜா நிறம். நாம் மேல்விலை கொடுத்து வாங்குகிற அடையாளமே நிறச் செல் அங்கே போய்ச் சேரவில்லை என்பதற்கான அத்தாட்சி. மூக்கில் கறுப்புப் புள்ளி விழாதே என்று நான் கவலையோடு கேட்டேன் அல்லவா? நான் வேண்டிக்கொண்டிருக்க வேண்டியது நேர்மாறாக.

வெளிநாட்டில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் சோதித்த டால்மேஷியன் நாய்களில் பத்துக்கு மூன்றுக்கு ஒரு காதாவது கேட்கவில்லை. புல் டெரியரில் வெள்ளை நாய்களில் ஐந்தில் ஒன்று பழுது, அதே இனத்தின் நிறமுள்ள நாய்களில் நூற்றுக்கு ஒன்று போல. டால்மேஷியன் குட்டி சில சமயம் ஒரு பெரிய கறுப்புத் திட்டோடு பிறக்கும். திட்டு உள்ள நாய்களில் செவிடு குறைவு. ஆனால் நாய்க் கண்காட்சி விதிப்படி திட்டு என்பது குறை, அப்படிப்பட்ட நாய்க்குப் பரிசு இல்லை. காது கேட்கிற நாயைக் கழித்துவிட்டு, கேட்காததற்கு மாலை போடுகிற கூத்து நம்மூரில் மட்டும் நடக்கவில்லை.

நீலக் கண்ணும் இதே கதைதான். ஒரு கண்ணோ இரு கண்ணோ நீலமாக இருந்தால் ‘அபூர்வம்’ என்று சொல்லி விற்பார்கள். டால்மேஷியனில் நீலக் கண் உள்ளவற்றுக்குச் செவிடு அதிகம். அந்த அபூர்வத்தை விட்டுத் தள்ளி வாருங்கள்.

வளர்ப்பவர்களை மட்டும் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை. நெற்றியில் காவித் திட்டு விழுந்த குட்டியை வாங்க ஆள் வராவிட்டால் அவர் எத்தனை நாளைக்குப் பால் ஊற்றுவார்? வெள்ளையை ஆர்டர் கொடுத்தவர்கள் நாம். என் தீர்ப்பு இதுதான்: திட்டும் புள்ளியும் உள்ள, இரண்டு காதும் கேட்கிற நாய்களை இனவிருத்திக்கு வைக்காதவரை இந்த இனம் தேறாது. அதற்கு முதல் காரியம், அந்தக் குட்டிகளை முழு விலை கொடுத்து வாங்க ஆள் இருக்க வேண்டும்.

குட்டி பார்க்கப் போகும்போது

படத்தைப் பார்த்து முன்பணம் அனுப்பாதீர்கள். பஸ் பிடித்து நேரில் போங்கள். தாய் இருக்கிற இடத்தில் குட்டியைப் பாருங்கள். தகப்பன் வெளியூரில் இருப்பது சகஜம், தாய் வெளியூரில் இருப்பது சகஜம் இல்லை. தாயைக் காட்டத் தயங்குகிற வீட்டில் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு எழுந்து வாருங்கள்.

நாய் இனப்பெருக்கத்துக்கு மத்திய அரசின் 2017-ஆம் வருஷ விதிகள் இருக்கின்றன. நாய் வளர்த்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. பதினெட்டு மாதம் நிறையாத பெட்டையை ஈனவைக்கக் கூடாது, ஒரு பெட்டைக்கு ஆயுளில் ஐந்து ஈத்துக்கு மேல் கூடாது. முப்பது நாள் குட்டியைச் சட்டைக்குள் வைத்து பஸ்ஸில் கொண்டுவருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். தாய்ப்பாலும் போய், தடுப்பூசியும் இல்லாமல், பார்வோ வைரஸ் தாக்கினால் ரத்தபேதியில் நாலு நாளில் கதை முடிந்துவிடும்.

சென்னையில் தலைமையகம் உள்ள கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் சான்றிதழைக் காட்டினால், முத்திரையை மட்டும் பார்த்துத் தலையாட்டாதீர்கள். தாய்வழி, தகப்பன்வழி இரண்டிலும் ஒரே நாயின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறதா என்று விரல் வைத்துப் படியுங்கள். நம் வீட்டில் பெண் எடுக்கும்போது பங்காளியா மாமன் மச்சானா என்று எவ்வளவு துருவுகிறோம்!

பிறகு காது. அதற்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து வாரம் தாண்டிய குட்டியாக இருக்க வேண்டும். குட்டிகள் கூட்டமாக இருக்கும்போது சோதிப்பது வீண். ஒன்று திரும்பினால் அதைப் பார்த்து மற்றதும் திரும்பும், செவிட்டுக் குட்டி இதில் மகா கெட்டி. ஒவ்வொன்றாகத் தனியே கொண்டுவரச் சொல்லுங்கள். பின்னால் நின்று சத்தம் செய்யுங்கள், ஆனால் காற்று அடிக்கும்படி கை தட்டக் கூடாது, தரையில் காலை உதைக்கக் கூடாது. அதிர்வையும் காற்றையும் தோல் உணர்ந்துவிடும். நல்ல தூக்கத்தில் இருக்கும்போது பார்ப்பது இன்னும் உத்தமம். காது கேட்கிற குட்டி மெல்லிய சத்தத்துக்கும் எழும். மற்றது தொட்டால்தான் எழும்.

இந்தச் சோதனையிலும் ஓர் ஓட்டை உண்டு. ஒரு காது மட்டும் கேட்கிற குட்டி இதில் தேறிவிடும். சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்றுதான் அதற்குக் குழம்பும், மற்றபடி வீட்டு நாயாக நன்றாகவே வாழும். ஆனால் அதை ஈனவைத்தால் அடுத்த தலைமுறைக்குச் செவிடு போகும். ஒற்றைக் காதைக் கண்டுபிடிக்க பேயர் என்றொரு சோதனை இருக்கிறது. தலைத் தோலில் மெல்லிய கம்பிகளைப் பொருத்தி, காதுக்குள் ‘டிக் டிக்’ சத்தம் அனுப்பி, மூளை பதில் சொல்கிறதா என்று கணினியில் பார்ப்பார்கள். பத்துப் பதினைந்து நிமிஷ வேலை. எல்லா ஊரிலும் கிடைக்காது. குட்டி விற்கிற தொழிலில் இருப்பவர்கள் தாய்க்கும் தகப்பனுக்கும் ஆயுளில் ஒரு தடவை செய்துவிட்டால் போதும்.

காது தேறிவிட்டது என்றே வையுங்கள். உங்கள் வீடு தேறுமா? ராஜபாளையம் வீட்டாரிடம் ஒட்டும், அந்நியரை ஏற்காது. மூன்றரை மாதத்துக்குள் ஆள், வண்டி, குழந்தை, மற்ற நாய் எல்லாவற்றையும் பழக்காவிட்டால் பிறகு கஷ்டம். இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் பகலெல்லாம் சங்கிலியில் கட்டிப்போட்டு, சாயங்காலம் அரை மணி நேரம் நடத்திக் கூட்டிவருவது இந்த நாய்க்குப் போதாது. குட்டை முடி, நம் வெயிலுக்கு ஏற்றது என்பார்கள். பாதி உண்மை. ரோஜா நிறத் தோல் உச்சிவெயிலில் வெந்துபோகும், சொறியும் சுலபமாகப் பற்றும். மர நிழல் வேண்டும்.

வெள்ளையனுக்கு இப்போது வயது நாலு. அவனைக் கூப்பிட நாங்கள் தரையில் இரண்டு தரம் காலைத் தட்டுகிறோம், இருட்டிவிட்டால் வராந்தா விளக்கைப் போட்டு அணைக்கிறோம். உள்ளங்கையைக் கீழே காட்டினால் உட்காருவான். பின்னாலிருந்து போய்த் தொடுவதில்லை, திடுக்கிட்டு வாயைத் திருப்புவான். சங்கிலி இல்லாமல் கேட்டுக்கு வெளியே விட்டது ஒரே தடவை. லாரி டிரைவர் புண்ணியவான், பிரேக் போட்டார். ஒவ்வொரு தீபாவளிக்கும் தெருவிலேயே நிம்மதியாகத் தூங்குகிறவன் அவன்தான். அவனுக்கு இனவிருத்தி இல்லை, அறுவை சிகிச்சை செய்துவிட்டோம்.

நீங்கள் குட்டி பார்க்கப் போகும்போது சட்டைப் பையில் ஒரு சாவிக்கொத்து வைத்துக்கொள்ளுங்கள். பணத்தை எண்ணுவதற்கு முன், குட்டிக்குப் பின்னால் நின்று அதைக் குலுக்குங்கள். மூக்கில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்து, அது திரும்பியும் பார்த்தால், தயவுசெய்து பேரம் பேசாமல் அந்தக் குட்டியையே வாங்கி வாருங்கள்.